பேனிக் அட்டாக் வரும் நோயாளிக்கு எதைச் சொல்லிக்கொடுப்பது, எப்போது சொல்லிக்கொடுப்பது?

மனநலப் பிரிவில் சேர்ந்து சில மாதங்களே ஆன ஒரு செவிலியரின் கேள்வி இது. பேனிக் டிஸார்டர் (திடீரென்று கடும் பயமும் படபடப்பும் தாக்கும் பேனிக் அட்டாக் திரும்பத் திரும்ப வரும் நோய்) உள்ளவர்களுக்கு ஹெல்த் எஜுகேஷன் கொடுக்கச் சொல்கிறார்கள், பாடத்தில் படித்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொல்கிறேன், அவர்களும் தலையாட்டுகிறார்கள், ஆனால் அடுத்த வாரமே அதே படபடப்போடு அவசரப் பிரிவில் வந்து நிற்கிறார்கள், நான் எங்கே தவறுகிறேன் என்று கேட்டிருக்கிறார்.

நீங்கள் சொல்வதில் தவறு இருக்காது. சொல்லும் நேரத்தில் இருக்கலாம். அதைவிட அதிகமாக, அவர் எதற்குப் பயப்படுகிறார் என்று கேட்காமலே பதில் சொல்லிவிடுவதில் இருக்கலாம். என் முதல் வருடத்தில் நானும் இதையேதான் செய்தேன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வியர்த்து நடுங்கிக்கொண்டிருந்த ஒருவர் பக்கத்தில் நின்று, கையில் துண்டுப் பிரசுரத்தை வைத்துக்கொண்டு, இது உயிருக்கு ஆபத்தில்லாத நிலை, அட்ரினலின் சுரப்பதால் வருவது என்று வரிசையாக ஒப்பித்தேன். அவர் என்னைப் பார்த்தார், ஆனால் நான் சொன்ன எதுவும் அவர் காதில் விழவில்லை. மறுநாள் கேட்டபோது நான் அங்கே இருந்ததே அவருக்கு அரைகுறையாகத்தான் நினைவிருந்தது.

பதற்றத்தை லேசானது, மிதமானது, கடுமையானது, பேனிக் என்று நான்கு நிலைகளாகப் பிரித்த செவிலியர் கோட்பாட்டாளர் ஹில்டெகார்ட் பெப்லோவைப் படித்திருப்பீர்கள். தேர்வுக்கு மனப்பாடம் செய்துவிட்டு எல்லோரும் மறந்துவிடும் பகுதி அது. ஆனால் நம் வேலைக்கு அதில்தான் விஷயம் இருக்கிறது. லேசான பதற்றத்தில் மனிதன் நன்றாகவே கற்றுக்கொள்வான், மிதமான நிலையில் யாராவது கைகொடுத்தால் கற்றுக்கொள்வான், கடுமையான நிலையில் ஒரு சின்ன விஷயத்தைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாது, பேனிக் நிலையில் கற்றுக்கொள்ளும் திறனே வேலை செய்யாது. அதனால் அட்டாக் நடக்கும்போது பாடம் எடுக்காதீர்கள். அப்போது வேண்டியது நீங்கள்தான், உங்கள் விளக்கம் அல்ல.

அந்த நேரத்தில் அவரைத் தனியாக விடாதீர்கள். சுற்றி நிற்கும் கூட்டத்தை விலக்குங்கள். தாழ்ந்த குரலில், நாலைந்து வார்த்தைக்கு மேல் போகாத வாக்கியமாகப் பேசுங்கள். “நான் இங்கேயே இருக்கேன்.” “இது இறங்கிடும்.” “என்னோட சேர்ந்து மூச்சு விடுங்க.” தொடுவதற்கு முன் கேட்டுவிட்டுத் தொடுங்கள், சிலருக்கு ஆறுதலாக வைக்கும் கையே மூச்சை அடைப்பது போலத் தோன்றும். ஏன் இப்படி ஆச்சு, வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்ற விசாரணை அப்போது வேண்டாம். நாடி, ரத்த அழுத்தம், ஆக்ஸிஜன் அளவு எல்லாம் பாருங்கள், ஆனால் எண்ணைப் பார்த்து நீங்கள் முகம் சுளித்தால் அதை அவர் படித்துவிடுவார் என்பது ஞாபகம் இருக்கட்டும்.

மூச்சைப் பற்றி ஒரு வார்த்தை. “நல்லா ஆழமா மூச்சை இழுங்க” என்று நாம் பழக்கதோஷத்தில் சொல்கிறோம். ஏற்கெனவே தேவைக்கு மேல் மூச்சு வாங்கிக்கொண்டிருப்பவரிடம் இன்னும் இழு என்று சொன்னால் என்ன ஆகும்? கரியமில வாயு இன்னும் வெளியேறும், ரத்தத்தின் காரத்தன்மை கூடும், மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்கித் தலை கிறுகிறுக்கும், விரல்களும் உதடும் மரத்துப்போகும், சிலருக்குக் கைவிரல்கள் இழுத்துக்கொள்ளவும் செய்யும். அவர் அதைப் பார்த்துப் பக்கவாதம் வந்துவிட்டது என்று அலறுவார். எனவே ஆழம் வேண்டாம், வேகம்தான் குறைய வேண்டும். மூக்கு வழியாகச் சாதாரணமாக இழுத்து, இழுத்ததைவிட நீளமாக விடச் சொல்லுங்கள். நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடுவது பலருக்கு ஒத்துவரும், எண்ணுவதே பதற்றமாக இருக்கிறது என்பவருக்கு உங்கள் மூச்சைப் பார்த்துச் செய்யச் சொன்னால் போதும். காகிதப் பையை வாயில் வைத்து மூச்சு விடச் சொல்லும் பழைய முறையை விட்டுவிடுங்கள். வந்திருப்பது பேனிக் இல்லாமல் ஆஸ்துமாவாகவோ மாரடைப்பாகவோ இருந்தால், பையில் ஆக்ஸிஜன் குறைந்து ஆபத்தில் முடியும்.

அதேபோல, முதல்முறை வருகிறவருக்கு “பேனிக்” என்று பெயர் சூட்டும் அவசரமும் வேண்டாம். தைராய்டு அதிகச் சுரப்பு, இதயத் துடிப்புக் கோளாறு, சர்க்கரை குறைவது, ஆஸ்துமா, நுரையீரலில் ரத்தக்கட்டி, சில வகை வலிப்பு, மது அல்லது தூக்க மாத்திரையைத் திடீரென்று நிறுத்தியது, இவையெல்லாம் இதே வேஷத்தில் வரும். மருத்துவர் பார்த்து, ஈசிஜியும் தேவையான ரத்தப் பரிசோதனைகளும் முடிந்தபிறகுதான் நம் பாடம் ஆரம்பம். அப்புறம், ஒரு அட்டாக் வந்ததாலேயே அது டிஸார்டர் ஆகிவிடாது. வாழ்க்கையில் ஒருமுறை பேனிக் அட்டாக் வந்துபோனவர்கள் ஏராளம். எதிர்பாராத அட்டாக் திரும்பத் திரும்ப வந்து, அடுத்தது எப்போது வருமோ என்ற பயமோ, அதற்காக வாழ்க்கையையே மாற்றிக்கொள்வதோ ஒரு மாதமாவது நீடித்தால்தான் அந்தப் பெயர். இந்த வித்தியாசத்தை நோயாளியிடமும் சொல்லுங்கள். நோய் அட்டாக்கில் மட்டும் இல்லை, இரண்டு அட்டாக்குக்கு நடுவில் இருக்கும் நாட்களில்தான் பெரும்பகுதி இருக்கிறது.

சரி, பரிசோதனை எல்லாம் நார்மல். இங்கேதான் நாம் அனைவரும் சறுக்குகிறோம். “உங்களுக்கு ஒண்ணுமே இல்லை, எல்லாம் மனசுதான்.” இதைக் கேட்கும் நோயாளி என்ன நினைக்கிறார்? நான் நடிக்கிறேன் என்கிறார்கள், அல்லது என் நோய் என்னவென்று இவர்களுக்கே தெரியவில்லை. இரண்டில் எதுவானாலும் அடுத்த முறை வேறு மருத்துவமனை. அவருக்கு நடந்தது நிஜம். இதயம் நிஜமாகவே அடித்தது, கை நிஜமாகவே மரத்தது. நான் சொல்லும் உவமை காவல் நாய்தான். திருடன் வராமலே நாய் குரைக்கிறது. குரைப்பு பொய்யில்லை, நாய்க்கு நோயும் இல்லை, ஆனால் வாசலில் யாரும் இல்லை. நாம் நாயைக் கொல்லப் போவதில்லை, ஒவ்வொரு குரைப்புக்கும் எழுந்து ஓடாமல் இருக்கப் பழகப்போகிறோம். இதைச் சொன்னதும் சிரிப்பவர்கள் உண்டு, அந்தச் சிரிப்பு வந்தால் பாதி வேலை முடிந்தது.

அட்டாக் அடங்கியதும் உடம்பு அடித்துப்போட்டதுபோல் இருக்கும், உடனே உட்கார வைத்துப் பேசாதீர்கள். சாயங்காலமோ மறுநாளோ, பத்துப் பதினைந்து நிமிடம் போதும். முதலில் நீங்கள் பேசாதீர்கள், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “அந்த நிமிஷத்தில் என்ன ஆகிடும்னு பயந்தீங்க?” இந்தக் கேள்விக்கு வரும் பதில்தான் உங்கள் பாடத்திட்டம். எல்லோருக்கும் ஒரே பிரசுரத்தை நீட்டுவதில் பயன் இல்லாததற்குக் காரணம் இதுதான், ஒவ்வொருவர் பயமும் வேறு.

இதயம் நின்றுவிடும் என்று பயந்தவருக்கு, மாடிப்படி ஏறும்போதும் இதயம் இப்படித்தான் வேகமாக அடிக்கிறது, அப்போது நீங்கள் காரணம் தெரிந்ததால் பயப்படுவதில்லை என்று சொல்லுங்கள். மயங்கி விழுந்துவிடுவேன் என்று பயந்தவருக்கு, மயக்கம் பெரும்பாலும் ரத்த அழுத்தம் இறங்கும்போது வருவது, அட்டாக்கின்போது அது பொதுவாக ஏறத்தான் செய்கிறது, அதனால் விழுவது அரிது என்று சொல்லி, இதுவரை எத்தனை அட்டாக் வந்தது, எத்தனை தடவை உண்மையில் விழுந்தீர்கள் என்று கேளுங்கள். கணக்கு அவர் வாயாலேயே வரட்டும். (ரத்தத்தையோ ஊசியையோ பார்த்து மயங்குகிறவர்கள் விதிவிலக்கு, அவர்களுக்கு நிஜமாகவே அழுத்தம் இறங்கும்.) மூச்சு நின்றுவிடும் என்றவருக்கு, மூச்சு நாம் மறந்தாலும் தூங்கினாலும் தானே நடக்கும் வேலை என்பதைச் சொல்லுங்கள். பைத்தியம் பிடித்துவிடும் என்றவர்தான் அதிகம் பேசாதவர், அவரிடம் கொஞ்சம் நிதானம் வேண்டும். சுற்றியிருப்பதெல்லாம் நிஜமில்லாததுபோல், தன்னையே தூரத்தில் நின்று பார்ப்பதுபோல் இருந்தது என்பார், சொன்னால் மனநோயாளி என்று முத்திரை குத்திவிடுவார்களோ என்று அதுவரை மறைத்திருப்பார். இதுவும் அட்டாக்கின் அறிகுறிப் பட்டியலில் உள்ளதுதான், உங்களுக்கு மட்டும் வந்ததில்லை என்று தெரிந்தாலே சிலர் அழுதுவிடுவார்கள்.

பிறகு ஒரு தாளை எடுத்து வட்டம் போடுங்கள். டேவிட் கிளார்க் என்ற உளவியலாளர் 1986-இல் எழுதிய விளக்கம்தான் இதற்கு அடிப்படை: உடம்பில் ஒரு சின்ன உணர்வு, அதைப் பேராபத்தாக எடுத்துக்கொள்வது, அதனால் பயம், பயத்தால் அந்த உணர்வு இன்னும் கூடுவது, கூடியதைப் பார்த்து இன்னும் பயம். அச்சடித்த படத்தைக் கொடுக்காமல், அவர் சொன்ன வார்த்தைகளையே வட்டத்தில் எழுதுங்கள். “லிஃப்டில் ஏறினேன், நெஞ்சு ஒரு அடி தப்பிச்சு, அப்பா மாதிரி நானும் போயிடுவேன்னு தோணுச்சு” என்றால் அதுவே இருக்கட்டும். தன் கதையைப் படமாகப் பார்க்கும்போது, எந்த இடத்தில் வெட்டலாம் என்று நோயாளியே காட்டுவார்.

இப்போது என் தப்பு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மூச்சு போதவில்லை என்று சதா பயந்துகொண்டிருந்த ஒருவரிடம் விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரைக் காட்டி, பாருங்கள் 99 இருக்கிறது, ஆக்ஸிஜன் குறையவே இல்லை என்று நிரூபித்தேன். அவருக்குப் பரம திருப்தி, எனக்கும்தான். வீட்டுக்குப் போகும் வழியிலேயே ஒன்று வாங்கிவிட்டார். அடுத்த முறை வந்தபோது ஒரு நாளைக்கு இருபது முப்பது தடவை பார்க்கிறேன் என்றார், 97 காட்டினால் அட்டாக் வந்துவிடுகிறதாம். ஆறுதல் என்று நான் கொடுத்தது அவர் கையில் ஊன்றுகோலாகி, ஊன்றுகோல் இல்லாமல் நிற்க முடியாத நிலைக்கு வந்திருந்தது. இதைப் பாதுகாப்பு நடத்தைகள் என்கிறோம்: தண்ணீர் பாட்டில் இல்லாமல் வெளியே போகாதது, பையில் மாத்திரை இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பது, வாசல் ஓரமாகவே உட்காருவது, துணை இல்லாமல் கிளம்பாதது, கைக்கடிகாரத்தில் இதயத் துடிப்பைப் பார்த்துக்கொண்டே இருப்பது. ஒவ்வொன்றும் அந்த நிமிடத்துக்கு நிம்மதி தரும், ஆனால் “நான் பிழைத்தது இதனால்தான்” என்ற நம்பிக்கையையும் கூடவே வளர்க்கும். இது வளர்ந்துதான் பஸ்ஸும் கூட்டமும் வரிசையும் ஆகாமல்போய், கடைசியில் வீட்டு வாசலே எல்லையாகிவிடுகிறது.

மூச்சுப் பயிற்சிக்கும் இது பொருந்தும் என்பதைக் கொஞ்சம் தயக்கத்தோடுதான் சொல்கிறேன், ஏனென்றால் நாம் அதை மிகவும் விரும்பிக் கற்றுக்கொடுக்கிறோம். “மூச்சைச் சரியா விட்டதால்தான் தப்பிச்சேன்” என்று அவர் நினைத்தால், அதுவும் இன்னொரு தண்ணீர் பாட்டில்தான். அதனால் எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் சில அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை (சிபிடி) முறைகளில் மூச்சுப் பயிற்சியையே எடுத்துவிட்டார்கள். நான் முழுக்க விடவில்லை, ஆனால் சொல்லும் விதத்தை மாற்றிக்கொண்டேன்: இது அட்டாக்கை நிறுத்தும் சுவிட்ச் இல்லை, நீங்கள் ஒன்றுமே செய்யாவிட்டாலும் சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய்த் தானே இறங்கும், இறங்கும்வரை அங்கேயே இருப்பதற்கு இது ஒரு துணை, அவ்வளவுதான்.

சிகிச்சையாளர் இருக்கும் இடங்களில், பயப்படும் அந்த உடல் உணர்வை வேண்டுமென்றே வரவழைத்துப் பழக்குவார்கள். நின்ற இடத்தில் ஓடுவது, சுழலும் நாற்காலியில் சுற்றுவது, மெல்லிய உறிஞ்சுகுழல் வழியாக மூச்சு விடுவது, ஒரு நிமிடம் வேகமாக மூச்சு வாங்குவது. பார்ப்பதற்குக் கொடுமையாகத் தோன்றும், ஆனால் தலை சுற்றல் தானே வந்து தானே போவதை ஒருமுறை கண்ணால் கண்டவருக்கு நம் பத்து விளக்கம் வேண்டாம். இதை நாமாகச் செய்யக் கூடாது. இதய நோய், ஆஸ்துமா, வலிப்பு, கர்ப்பம் உள்ளவர்களுக்கு மருத்துவர் சம்மதம் இல்லாமல் கூடவே கூடாது. ஆனால் அடுத்த வாரம் இப்படி ஒன்று செய்யச் சொல்வார்கள், ஏன் தெரியுமா என்று முன்கூட்டியே விளக்கினால், பாதியில் விட்டுவிட்டு ஓடுகிறவர்கள் குறைவார்கள்.

மாத்திரை விஷயத்தில் நம் பங்கு மிகப் பெரியது, ஏனென்றால் பலர் மாத்திரையை ஆரம்ப வாரங்களிலேயே நிறுத்திவிடுகிறார்கள். செர்ட்ராலின், எஸ்சிட்டலோப்ராம், பராக்ஸெட்டின் போன்ற எஸ்எஸ்ஆர்ஐ மாத்திரைகள் (மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் தரும் ஒரு வகை) வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும், முழுப் பலன் தெரிய அதற்கும் மேலே ஆகலாம். ஆனால் குமட்டல், தூக்கக் குறைவு, உள்ளுக்குள் ஒரு பரபரப்பு எல்லாம் முதல் நாட்களிலேயே வந்துவிடும். பேனிக் உள்ளவர் உடம்பின் ஒவ்வொரு அசைவையும் காது வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பவர். முன்னே சொல்லாவிட்டால் “இந்த மாத்திரை என்னைக் கொல்லப் பார்க்குது” என்று தூக்கிப்போட்டுவிடுவார். இதனால்தான் மருத்துவர்கள் குறைந்த அளவில் ஆரம்பிக்கிறார்கள். நல்லாயிட்டேன் என்று தானாக நிறுத்துவது அடுத்த ஆபத்து. குணம் தெரிந்த பிறகும் மாதக்கணக்கில், பலருக்கு ஒரு வருடம்வரை தொடர வேண்டியிருக்கும், நிறுத்தும்போது படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். சட்டென்று விட்டால் தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் மின்சாரம் பாய்வதுபோன்ற உணர்வு வரலாம், அதை நோய் திரும்பிவிட்டது என்றோ அடிமையாகிவிட்டேன் என்றோ தப்பாகப் புரிந்துகொள்வார்கள். இளம் வயதினரில், குறிப்பாக 25 வயதுக்கு உட்பட்டவர்களில், ஆரம்ப வாரங்களில் தற்கொலை எண்ணம் வருகிறதா என்று கவனிக்க வேண்டும். நேராகவே கேளுங்கள். கேட்பதால் எண்ணம் முளைத்துவிடாது.

குளோனசெபாம், அல்பிரசோலம், லோராசெபாம் என்ற அமைதிப்படுத்தும் மாத்திரை வகை (பென்சோடயசெபைன்) வேறு. சீக்கிரம் கேட்கும், அதனால்தான் நோயாளிக்கு அதன்மேல் காதல். பழக்கமாகிவிடும் தன்மை உண்டு, அளவு கூடிக்கொண்டே போகலாம், மதுவோடோ மார்ஃபின் போன்ற ஓப்பியாய்டு வலி மருந்தோடோ சேர்ந்தால் மூச்சே அடங்கலாம், வண்டி ஓட்டும்போது ஆபத்து, நாள்பட எடுத்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். பயமுறுத்தாமல், ஆனால் மழுப்பாமல் சொல்லுங்கள். மருத்துவர் சில வாரங்களுக்கென்று எழுதியதைப் பழைய சீட்டைக் காட்டி வருடக்கணக்கில் வாங்கித் தின்றவர்களை நிறையப் பார்த்தாயிற்று.

காபி, டீ, எனர்ஜி பானங்கள், சில தலைவலி மாத்திரைகளில்கூட காஃபீன் இருக்கிறது, பேனிக் உள்ளவர்களுக்கு அதிக காஃபீனே அட்டாக்கைக் கிளப்பிவிடலாம். ஒரேயடியாக நிறுத்தினால் தலைவலி வந்து அதுவே புதுப் பயமாகும், அதனால் மெல்லக் குறைக்கச் சொல்லுங்கள். மது அன்றைக்கு அமைதியாக்கும், மறுநாள் காலையில் வட்டியோடு வசூலிக்கும். ஆஸ்துமா இன்ஹேலரும் படபடப்பைத் தரும், ஆனால் அதை நிறுத்திவிடுங்கள் என்று யாரும் புரிந்துகொள்ளும்படி பேசிவிடாதீர்கள். தூக்கத்திலிருந்து அட்டாக்கோடு எழுபவர்கள் உண்டு. கெட்ட கனவு இல்லாமலே வரும், அதுவும் இதே பேனிக்தான். சொல்லாவிட்டால் படுக்கவே பயப்படுவார்கள்.

குடும்பத்தைத் தனியாக ஒரு பத்து நிமிடம் பிடியுங்கள். ஒரு வீட்டில் “மனசைத் திடமா வச்சுக்கோ, இதெல்லாம் ஒரு நோயா” என்று திட்டுவார்கள், இன்னொரு வீட்டில் குளியலறை வாசல்வரை கூடவே போவார்கள். முதல் வகை தவறென்று எல்லோருக்கும் தெரியும். இரண்டாவதை அன்பு என்று நினைத்துத் தட்டிக்கொடுத்துவிடுகிறோம். கடைக்குத் தனியாகப் போய்வர அவர் முயலும்போது “நானும் வரேன்” என்று கிளம்பாமல் வீட்டிலேயே உட்கார்ந்திருப்பதுதான் அவர்கள் செய்ய வேண்டிய கடினமான உதவி. அட்டாக் வந்தால் என்ன சொல்வது என்று கேட்பார்கள். நீங்கள் வார்டில் சொல்லும் அதே மூன்று சின்ன வாக்கியங்களைக் கொடுங்கள்.

எப்போது திரும்ப வர வேண்டும் என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். பேனிக் உள்ளவருக்கு மாரடைப்பு வராது என்று எந்தச் சட்டமும் இல்லை. வழக்கமான அட்டாக் மாதிரி இல்லாத நெஞ்சுவலி, வேலை செய்யும்போது வந்து ஓய்வெடுத்தால் குறைவது, கைக்கோ தாடைக்கோ பரவுவது, உண்மையாகவே நினைவு தப்பி விழுவது, ஒரு பக்கம் கைகால் வலுவிழப்பது அல்லது வாய் கோணுவது, இவை வந்தால் காத்திருக்கவே கூடாது. “பேனிக் கேஸ்தானே” என்று ஈசிஜி எடுக்காமல் உட்கார வைப்பதை நம் ஆட்களிடமே பார்த்திருக்கிறேன், அங்கே பாடம் தேவைப்படுவது நோயாளிக்கு இல்லை.

கடைசியில் “புரிஞ்சுதா?” என்று கேட்காதீர்கள். எல்லோரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள், உங்களுக்கும் அதுதான் நடந்திருக்கிறது. “வீட்ல கேட்டா உங்களுக்கு என்னன்னு எப்படிச் சொல்வீங்க?” என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலில் ஓட்டை எங்கே என்று தெரியும், அடுத்த நாள் அங்கிருந்து ஆரம்பியுங்கள். குறிப்பேட்டிலும் “ஹெல்த் எஜுகேஷன் கொடுக்கப்பட்டது” என்று ஒரு வரி எழுதாமல், அவருடைய முதன்மைப் பயம் என்ன, எதைச் சொன்னோம், தன் வார்த்தையில் எப்படித் திருப்பிச் சொன்னார் என்று எழுதினால், இரவுப் பணிக்கு வருகிறவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

அடுத்த முறை அவர் வரும்போது எத்தனை அட்டாக் வந்தது என்று முதலில் கேட்டுவிடாதீர்கள், எண்ணிக்கை குறைந்ததற்குக் காரணம் அவர் வீட்டைவிட்டு வெளியே வராததாகவும் இருக்கலாம். இந்த வாரம் எங்கெல்லாம் போய்விட்டு வந்தீர்கள் என்று கேளுங்கள். மூன்று அட்டாக் வந்தது சிஸ்டர், ஆனா பஸ்ஸில் போயிட்டு பஸ்ஸிலேயே திரும்பி வந்தேன் என்று ஒருவர் சொன்னால், அவருக்கு நீங்கள் சொன்னது போய்ச் சேர்ந்திருக்கிறது.